எல்லாம் பிள்ளையின் படிப்புக்காகத்தான்

எந்த இனத்தார் மீதும் துளிகூட வெறுப்பு இல்லாத பெற்றோர் என்று ஒரு ரகம் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பது மிகவும் சுலபம். தங்களுக்கு வெறுப்பு இல்லை என்பதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு 'ஆனால்' வரும் பாருங்கள், அதற்குள் ஒரு லாரி நுழைந்து திரும்பி வெளியே வரலாம்.

ஒஹையோவில், பிரையர் கிளென் புறநகரில், எங்கள் ஆல்டர் தெருவுக்கு இந்த ரகத்தில் வாய்த்தவர் வெண்டல் க்ரூபர். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சனிக்கிழமை தோறும் புல் வெட்டுவார், வெட்டிய புல்லைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளமாட்டார், எதிரே வருகிற நாய்க்குக்கூடக் காலை வணக்கம் சொல்வார். 'எல்லோரும் எங்கள் அண்டை வீட்டாரே' என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகை ஒன்றை வாசல் புல்தரையில் நட்டு வைத்திருந்தார். அதில் இரண்டு மொழி அவருக்குப் படிக்கத் தெரியாது. நம்பிக்கைதான்.

எதிர் வரிசையில் முதல் கறுப்பினக் குடும்பமாகப் பல் மருத்துவர் பெட்டிஃபோர்ட் வந்து இறங்கிய அன்று, முதல் ஆளாகப் பீச் பழப் பணியாரத் தட்டோடு போய்க் கதவைத் தட்டியவர் வெண்டல்தான். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் தம்மோடு படித்த ஒரே ஒரு கறுப்பின நண்பரின் பெயரை நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை சொல்ல வாயெடுத்தபோது டாக்டரே தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜோலீனிடம் சொன்னார்: "தங்கமான மனுஷன். என்ன அழகா பேசறார் தெரியுமா!"

"பல் டாக்டர் பேசமாட்டாரா? நம்மளைத்தான் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பேசவிடமாட்டாங்க."

"அதுக்கில்ல ஜோலீன். எனக்கு அவர்மேல ஒண்ணும் இல்ல. ஆனா இன்னிக்கு ஒரு வீடு. நாளைக்கு நாலு வீடு. நம்ம டெஸ்ஸா படிக்கிற பள்ளிக்கூடத்தோட தரம் என்ன ஆகும்?"

"அவர் பையன் ஒருத்தன் வந்து உட்கார்ந்தா கட்டடம் சாய்ஞ்சிடுமா?"

"நான் பொதுவாச் சொன்னேன்."

இந்த ரகத்தார் எப்போதும் பொதுவாகத்தான் சொல்வார்கள். குறிப்பாகச் சொன்னால் அது இனவெறி. பொதுவாகச் சொன்னால் பொறுப்புள்ள தகப்பன்.

அடுத்த வாரமே க்ரூபர் வீட்டு முன்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பதினொரு பேர் வந்தார்கள். எதைப் பற்றிப் பேச வந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். ஆகவே 'மாற்றம்' என்றார்கள், 'சூழல்' என்றார்கள், 'இந்தத் தெருவோட குணம்' என்றார்கள், சீஸ் துண்டைக் கடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் ஒரு புண்ணியவதி, "இப்பல்லாம் கார்கூட ரொம்ப வேகமா போகுது" என்றாள். அப்பாடா! பேசக்கூடிய விஷயம் ஒன்று கிடைத்துவிட்டது. ஒருமனதாக நகராட்சிக்கு மனு எழுதினார்கள். இரண்டே மாதத்தில் ஆல்டர் தெருவுக்கு வேகத்தடை வந்தது. அரை மைல் நீளத் தெருவில் அது எங்கே அமைந்தது என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் பெட்டிஃபோர்ட் தம் காரை வெளியே எடுக்கும் இடத்துக்கு நேரே.

ஐந்து வருஷம் ஓடியது. பள்ளிக்கூடத்தின் தரம் இறங்கும் இறங்கும் என்று வெண்டல் காத்திருந்தார். இறங்கவில்லை. அதற்குள் எதிர் வீட்டுக்குத் தைவானிலிருந்து திருமதி சுவாங் குடும்பம் வந்தது. அந்தப் பக்கம் இரண்டு ஹைதராபாத் குடும்பங்கள் வந்தன. அதன் பிறகு பள்ளிக்கூடம் செய்த காரியம் இருக்கிறதே, அதை வெண்டல் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

தரம் ஏறிவிட்டது.

மனுஷர் மகிழ்ந்திருக்க வேண்டாமா? இந்த ரகத்தை இன்னும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. எட்டாம் வகுப்பு டெஸ்ஸா கணக்கில் 'சி' வாங்கிக்கொண்டு வந்த அன்று அவர் சமையலறையில் நின்று முழங்கினார்: "பள்ளிக்கூடமா இது? தொழிற்சாலை! பிள்ளைங்களுக்கு ஓடி விளையாட நேரம் இருக்கா? அந்த சுவாங் வீட்டுப் பிள்ளைங்க மரத்துல ஏறி நீ பார்த்திருக்கியா?"

"நம்ம பொண்ணு ஏறி நீ பார்த்திருக்கியா?" என்றாள் ஜோலீன்.

"பேச்சை மாத்தாதே. எனக்கு அவங்கமேல ஒண்ணும் இல்ல..."

"ஆனா?"

"ஆனா பள்ளிக்கூடம் கெட்டுப்போச்சு."

ஜோலீன் வாயாடியதோடு நிற்கவில்லை. தைவானில் இருபது வருஷம் கணக்கு ஆசிரியையாக இருந்த சுவாங் அம்மாளிடமே மகளைக் கொண்டுபோய் விட்டாள். மாலையில் அந்த அம்மாள் மாவுக்குள் பூரணம் வைத்து மடிக்க, டெஸ்ஸா அதே மேஜையில் சமன்பாடு போட, தப்பு வந்தால் மடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பார்வை, அவ்வளவுதான். அடி இல்லை, அதட்டல் இல்லை, சம்பளமும் இல்லை. டெஸ்ஸா 'பி'க்கு ஏறினாள். அதைவிடப் பெரிய அதிசயம், கணக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். தகப்பனுக்கு அது காதில் விழவில்லை. அவர் மனு எழுதுவதில் மும்முரமாக இருந்தார்.

வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மேல்நிலைக் கணக்கு வகுப்பை நிறுத்திவிட வேண்டும் என்று மனு. மறுபடியும் முன்கூடத்தில் கூட்டம். இந்த முறை டாக்டர் பெட்டிஃபோர்டுக்கும் அழைப்பு, அதுவும் சோபாவில் நடு இடம். அவர் கையெழுத்து ஒன்று விழுந்துவிட்டால் நாளைக்கு யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியாதல்லவா?

டாக்டர் மனுவை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெண்டல், நான் குடிவந்த புதுசுல இதே கூடத்துல ஒரு கூட்டம் போட்டீங்க இல்ல?"

கூடத்தில் சீஸ் கடிக்கும் சத்தம் நின்றது.

"அது... அது வந்து டாக்டர், வாகன வேகத்தைப் பத்தி."

"தெரியும். என் காரோட அடிவயிறு ரெண்டு தடவை கிழிஞ்சுது. பரவாயில்ல, விடுங்க. அப்ப நாங்க வந்ததால தரம் இறங்கிடும்னு பயந்தீங்க. இப்ப இவங்க வந்ததால தரம் ஏறிடுச்சுன்னு பயப்படறீங்க. எந்த உயரத்துல நின்னா உங்களுக்குச் சரிப்படும்னு சுவத்துல ஒரு கோடு போட்டுக் காட்டுங்க. அதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, ஜோலீனிடம் மட்டும் விடைபெற்றுக்கொண்டு போனார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் அடுப்பில் ஏதோ இருந்தது.

வெண்டலுக்கு அன்று உண்மையாகவே வலித்தது. தட்டோடு முதலில் போனவன் நானல்லவா, என்னைப் போய் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று ஒரு வாரம் புழுங்கினார். சொன்னது சரியா தவறா என்று யோசிக்க அந்த ஒரு வாரத்தில் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு, நாற்பது மைல் தள்ளி, எல்லாரும் ஏதோ ஒரு வகையில் தம்மைப் போலவே இருக்கும் சட்டர்ஸ் ஃபோர்டுக்குக் குடிபோனார். ஜோலீன் பாத்திரங்களைப் பெட்டியில் வைத்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. டெஸ்ஸா தகப்பனோடு மூன்று வாரம் பேசவில்லை.

"எல்லாம் உன் படிப்புக்காகத்தாம்மா," என்றார் வெண்டல், மூடிய கதவைப் பார்த்து.

புதுப் பள்ளிக்கூடத்தில் டெஸ்ஸா முதல் மாதமே வகுப்பில் முதலிடம். தகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் மாதம் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மகள் ஆறாம் வகுப்பில் முடித்துவிட்ட கணக்கு. ஆசிரியரைப் பார்க்கப் போனார். கணக்கு ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கால்பந்துப் பயிற்சியாளர்தான் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறார். அந்த நல்ல மனிதர் வெண்டலின் தோளில் தட்டி, "பொண்ணு அபாரம் சார்! பாதி வகுப்பை அவளே எடுத்துடறா," என்றார்.

வீடு திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டி நிறுத்தி, வெகு நேரம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார் வெண்டல். பிறகு தாமே சுவாங் அம்மாளை அழைத்தார்.

"சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க," என்றாள் அந்த அம்மாள். "பத்து மணி. தாமதம் கூடாது."

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் போக நாற்பது மைல், வர நாற்பது மைல். மகள் உள்ளே கணக்குப் போடும் இரண்டு மணி நேரமும் வெண்டல் தெருவில் காருக்குள் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரச் சொல்லி சுவாங் அம்மாள் அழைத்தாள், கூச்சம், போகவில்லை. கண்ணெதிரே தம் பழைய வீடு. வாசலில் சின்னச் சின்னச் சைக்கிள்கள், புதிய ஊஞ்சல். நாலாவது சனிக்கிழமை, அந்த வீட்டை வாங்கிக் குடியிருக்கும் மாரிசெல் ஓர்டோன்யெஸ் என்கிற லத்தீன் அமெரிக்க இளம் தாய், இடுப்பில் குழந்தையோடு நடந்து வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"யாரையும் இல்லம்மா. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"ஒரு மாசமா பார்க்கறேன். எங்க வீட்டையே வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. சின்னப் பிள்ளைங்க விளையாடற தெரு. நீங்க இந்தப் பக்கத்து ஆள் மாதிரியும் தெரியல."

வெண்டலின் கழுத்து சிவந்தது. "நான்... நான் இதே வீட்டுல பதினாலு வருஷம் இருந்தேம்மா."

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அட! இவ்வளவு நல்ல தெருவை விட்டு ஏன் போனீங்க?"

வெண்டல் வாயைத் திறந்தார். 'சூழல்' என்று சொல்லிப் பார்க்க நினைத்தார்; சூழல் அவர் முன்னால் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தது.

"பொண்ணு படிப்புக்காக," என்றார்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கையில் கணக்கு நோட்டோடு டெஸ்ஸா வெளியே வந்தாள்.

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள், வெண்டல் தமிழ் படிக்கமாட்டார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக வீடு பார்க்கப் போனபோது, தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்றெல்லாம் உரக்கக் கேட்டீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கம்பக்கத்துல எல்லாம் யாரு இருக்காங்க?" என்று கேட்டீர்கள். அதற்குத் தரகர் பெயர் எதுவும் சொல்லாமல், "கவலையே படாதீங்க சார், எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றாரே, அவருக்கு எப்படி அவ்வளவு சட்டென்று புரிந்தது?