உங்கள் மகளை இயந்திரத்திடம் ஒப்படைத்த விவரம்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு இருவரும் நலம். அங்கு நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மகளுக்கு நேற்று ஆபரேஷன் நடந்தது. முன்கூட்டியே சொல்லாததற்கு அவள்தான் காரணம். "அப்பாகிட்ட சொன்னா அழுவாரு, அவர் அழுதா நான் வேணாம்னு திரும்பிடுவேன்" என்றாள். எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. அவளுடைய தையல் கடைக்கு ஏறப் பதினான்கு படி. போன மாதம் பாதிப் படியில் கண் இருட்டிச் சாய்ந்தவளை, ஜாக்கெட் வாங்க வந்த இரண்டு பெண்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிடலாம், ரோபோ வைத்துச் செய்வோம் என்றார் டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன் நான், இயந்திரங்களின் குணம் எனக்குத் தெரியாதா? "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற மாதிரி இதுவும் பாதியில நின்னுட்டா சார்?" என்றேன். "நின்னா நாங்க கையால முடிச்சிடுவோம்." "அப்ப மொதல்லயே கையால பண்ணிடலாமே!" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் உங்கள் மகள், "ஏங்க, லூசா இருக்கறதப் பிடிச்சுத் தைக்கிறாங்க, அவ்வளவுதானே" என்று கையெழுத்தே போட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கல்லு மாதிரி நின்றேன் மாமா. பிறகு ஒரு கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறேன், நாலு கை உள்ள ராட்சசன் ஒன்று குனிந்து வேலை செய்கிறது, டாக்டரோ மூலையில் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறார்! அவர் ஆட்டுவதைத்தான் அது செய்கிறது என்று நர்ஸ் சொன்னார். அப்படியானால் கத்தி பிடித்தது யார், தைத்தது யார், நன்றி யாருக்குச் சொல்வது, ஒன்றும் விளங்கவில்லை. "சார், பேஷன்ட் அந்தப் பக்கம் சார்!" என்று கத்திவிட்டேன். என்னை அப்புறப்படுத்தினார்கள். சாயங்காலம் அவள் கண் விழித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள். இன்று சின்ன மூடியில் தண்ணீர் கொடுத்தேன். மூன்று மூடி குடித்துவிட்டு, "போதுங்க" என்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் வாயால் அந்தச் சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

நீங்கள் பதறி ஓடி வர வேண்டாம். நான் தைரியமாக இருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம், வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அப்பா, இது நான் எழுதுவது. என் கையில் ஊசி குத்தியதைப் பார்த்தே இவர் மயங்கி விழுந்துவிட்டார். எனக்கு ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க இவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னார். நடுவில் பாட்டிலும் கையுமாக எழுந்துபோய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தது வரவேற்பறை டிவியை. அதில் ஓடியது யாரோ ஒருவரின் ஆபரேஷன் படம். டிவியைப் பார்த்துக் கத்தியதற்காகத்தான் அப்புறப்படுத்தினார்கள். நாலடி நடந்தது உண்மைதான், ஆனால் யார் யாரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம் என்பதை மாற்றி எழுதியிருக்கிறார். நான் நன்றாக இருக்கிறேன். இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உடனே கிளம்பி வாங்க.