ஒரு வாய் ரோஸ் மருந்து

என் கல்யாணத்தில் எல்லாமே ஒழுங்காக நடந்தது, மாப்பிள்ளையைத் தவிர. பந்தல் சாயவில்லை, கறிச்சோறு அடிப்பிடிக்கவில்லை, பாண்டு வாத்தியக்காரர்கள்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். நான் ஒருவன்தான், துப்ப வேண்டிய ஒன்றைத் துப்பாமல் விழுங்கிவிட்டு, கட்டிய மனைவியை அவள் அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலேறினேன்.

வெள்ளைக்காரன் காலம். திருநின்றவூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா நான். என் சன்னலுக்கு வருகிறவர்கள் கையை மட்டும் உள்ளே நீட்டிவிட்டு முகத்தைத் தண்டவாளம் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ரயில் வருகிறதா என்று பார்க்கிறார்களாக்கும் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூரில் பெண் நிச்சயமான பிறகுதான் அக்கா அந்தோணியம்மாள் உண்மையை உடைத்தாள். அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் அவள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"உன் வாயாண்ட நிக்க முடியலடா. அந்தப் பொண்ணு தாலியக் கழட்டி உங்கையில குடுத்துட்டு ஓடப்போறா."

பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று நம்பியிருந்தேன். (செங்கல் தூளால் பல் விளக்கினால் செங்கல்லுக்கே ரத்தம் வரும் என்பது வேறு விஷயம்.) மறுநாளே அக்கா என்னைப் பூந்தமல்லிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஜவுளிக்கடைக்குப் பின்னால் ரங்கநாதம் என்று ஒரு பல் டாக்டர் இருந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரியில் பல வருஷம் பல் பார்த்துவிட்டு வந்தவர். அதனாலோ என்னவோ, எல்லா வாயையும் சிப்பாய் வாயாகவே நினைத்தார். என் வாயைத் திறந்து பார்த்தவர், "பயோரியா" என்றார். பல்லில் கட்டியிருந்த காரையை வளைந்த கம்பியால் ஒரு மணி நேரம் சுரண்டினார். விழுந்ததைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சுவரே பூசியிருக்கலாம். நடுநடுவே ஒரு பித்தளைப் பீச்சாங்குழலில் ஏதோ மருந்தை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பீச்சினார். முதல் மருந்து வாய்க்குள் நுரைத்துப் பொங்கியது. பயந்துபோன அக்கா செபமாலையை எடுத்துவிட்டாள். அடுத்தது ரோஸ் நிறத்தில் இருந்தது.

அதென்ன என்று கேட்டேன். காலரா வந்தால் கிணற்றில் போடுகிற மருந்துதான் என்றார். மூன்று தடவை அவரிடம் போய்ச் சுரண்டிக்கொண்ட பிறகு, வீட்டில் கொப்புளிக்க ஒரு சின்னப் புட்டியில் அந்த மருந்தின் ஊதாக் கல்லைக் கொடுத்தார்.

"ரோஸா கலக்கினா மருந்து நைனா. கத்திரிக்காய் கலர்ல கலக்கினா வாயி வெந்துபூடும். கண்ணாலத்தன்னிக்குக் காலைலகூட உடாத, கொப்புளி. முழுங்க மட்டும் முழுங்காத."

இந்த இடத்தில் எங்கள் கத்தோலிக்க வேதத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாளில், காலைப் பூசையில் நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற திவ்விய அப்பம், வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு எதையும் உட்கொள்ளக்கூடாது. பச்சைத்தண்ணீர்கூட ஆகாது. உட்கொண்டால் அன்றைக்கு நன்மை கிடையாது. கல்யாணம் பூசையோடுதான் நடக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் நாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, மறுநாள் ஊரே பார்க்க நன்மை வாங்குவார்கள். வாங்காத மாப்பிள்ளை ஏதோ சாவான பாவத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

நான் கவனமானவன். கொப்புளிக்கலாமா என்று எங்கள் கோவில் உபதேசியாரிடமே போய்க் கேட்டேன். கொப்புளித்துத் துப்பினால் குற்றமில்லை, விழுங்கினால் தொலைந்தாய் என்றார். டாக்டரும் கோவிலும் ஒரே வார்த்தையைச் சொன்னதில் எனக்கு ரொம்ப நிம்மதி.

கல்யாணத்துக்கு முதல் நாள் அம்பத்தூர் போய், பெண் வீட்டார் எங்களுக்கு ஒழித்துக் கொடுத்த வீட்டில் இறங்கினோம். சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். (பெரிதாக ஒன்றும் இல்லை. பூசையில் தூங்கியது, அக்காவிடம் பொய் சொன்னது.) திங்கட்கிழமை காலை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு தம்ளர் ரோஸ் தண்ணீரோடு பின்கட்டுக்குப் போனேன். மருந்தை வாயில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதற்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்: மூன்று பரலோக மந்திரம் மனசுக்குள் சொல்லி முடிக்கிற நேரம். இரண்டு கன்னமும் உப்பி நிற்க, இரண்டாவது மந்திரத்தில் பாதிவரை வந்திருப்பேன். வேலிப்படலைத் திறந்துகொண்டு என் மாமனார் வந்தார்.

மாமனார் பெயர் சவரிமுத்து. அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்கிறவர், கோவில் காரியங்களில் முதல் ஆள். கொடுவாள் மீசை, அன்றைக்குத்தான் உடுத்திய வெள்ளைச் சட்டை, பின்னால் நான்கு பங்காளிகள். வெந்நீர் வந்ததா, குறை ஏதும் உண்டா என்று தாமே பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

"இன்னா மாப்ளே, எல்லாம் வசதியா கீதா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் இன்னும் கிட்டே வந்து நின்றார். பெண் கொடுக்கிற மனிதர் வாசல் தேடி வந்து விசாரிக்கும்போது, அவர் காலடியில் ரோஸ் நிறத்தில் காறித் துப்புவதா? துப்பினால் பங்காளிகள் கையில் நான் உயிரோடு மிஞ்ச மாட்டேன். திரும்பி நின்று துப்பலாம் என்றால், முதுகைக் காட்டியவன் என்ற பெயர் வரும். ஒரு நிமிஷம் என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மாப்ளே?"

விழுங்கினேன். முழுசாகக்கூட விழுங்கி முடிக்கவில்லை, "வாங்க மாமா" என்றேன். அந்த "வா"வில் நாலைந்து சொட்டு சிதறி அவர் நெஞ்சில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை பேசிவிட்ட சந்தோஷத்தில் என் கையைப் பிடித்தவர், கோவில் வாசல்வரை விடவே இல்லை. நடுவழியில் அக்காவின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது, வாயைத் துடைத்துக்கொண்டு போய் நன்மை வாங்கு என்றாள் அவள். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெண்ணோடு வாழப்போகிற வாழ்க்கையைக் கள்ளத்தனத்தில் தொடங்கப் பயமாக இருந்தது. இன்றைக்கும் அந்த முடிவு ஒன்றுக்காக மட்டும் அந்த இளைஞனை எனக்குப் பிடிக்கும்.

தாலி கட்டினேன். அதுவரை சரி. நன்மை நேரம் வந்ததும் சாமியார் முதலில் என்னிடம்தான் வந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். கூச்சப்படுகிறான் என்று நினைத்தவர், "நாக்கை நீட்டு" என்று மெல்லச் சொன்னார். "முழுங்கிட்டேன் சாமி" என்று முனகினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என்னைத் தாண்டி மணப்பெண் அமலோற்பவத்திடம் போனார். அவள் கண்ணை மூடி நன்மை வாங்கினாள். கண்ணைத் திறந்தவள் என் இறுகிய உதட்டைப் பார்த்தாள். பின்னால் கோவில் முழுக்க இரைச்சல்.

கோவில் வாசலுக்கு வருவதற்குள் நான் குடிகாரன் ஆகியிருந்தேன். பந்தலுக்கு வருவதற்குள் பெரம்பூரில் எனக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். வாசிப்பதா வேண்டாமா என்று பாண்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையை ஊகித்திருக்கக்கூடியவர் சாமியார் ஒருவர்தான். அவரோ, சாகக்கிடந்த யாருக்கோ அவஸ்தை எண்ணெய் பூச மாட்டுவண்டியில் கிளம்பிவிட்டார்.

மாமனார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "நீங்க" மட்டும் "நீ" ஆகியிருந்தது.

"நேத்து சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் பண்ணிகினே. காலைல நன்ம வாங்கல. நடுவுல ஒரு ராத்திரிதான் கீது. அதுல இன்னா பண்ணினே?"

மருந்து விழுங்கிவிட்டேன் என்றேன். என்ன வியாதி என்று கேட்டார். இங்கேதான் என் புத்திசாலித்தனம் முழுசாக வெளிப்பட்டது. ஈறு வீக்கம் என்று சொல்லியிருக்கலாம், பல்வலி என்றிருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, டாக்டர் சொன்ன பெயரை அப்படியே சொன்னேன்.

"பயோரியா."

அம்பத்தூரில் யாரும் கேள்விப்படாத வியாதி, அதுவும் இங்கிலீஷ் பேரில், கல்யாணத்தன்று காலையில் ஒளித்து மருந்து குடிக்க வேண்டிய வியாதி. பெண்கள் குழந்தைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். நீங்கள் வந்தபோதுதான் மாமா, மருந்து என் வாயில் இருந்தது என்றேன். பழியை அவர் தலையில் போடுகிறேன் என்று கோபம் இன்னும் ஏறியது. வருகிற ஞாயிறு இதே கோவிலில் எல்லோர் முன்னாலும் நன்மை வாங்கு, அப்புறம் பெண்ணை அழைத்துப் போ என்று சொல்லிவிட்டார்.

நானும் அக்காவும் ரயிலேறினோம். திருநின்றவூர் ஸ்டேஷனில் என் டிக்கெட் சன்னலுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, போர்ட்டர்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். இறங்கியது நானும் அக்காவும் மட்டும். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கடைசியில் அக்காவுக்குப் போட்டார்கள். வீட்டுக்குப் போய் அழுதேன். கோவிலில் அமலோற்பவம் என்னைப் பார்த்த பார்வைதான் கண்ணிலேயே நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம், அம்பத்தூர்ப் பக்கமிருந்து வந்த வண்டி போனதும் சன்னலில் ஒரு கை நீண்டது. டிக்கெட்டுக்கு நீண்ட கை இல்லை. அதில் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. நெஞ்சுப் பக்கம் ஐந்து பழுப்புக் கறை. சன்னலுக்கு வெளியே அமலோற்பவம், அவள் காலடியில் ஒரு தகரப்பெட்டி, இரண்டடி தள்ளி அவளுடைய அப்பா.

நடந்தது இதுதான். அப்பாவின் கல்யாணச் சட்டையை அமலோற்பவம் துவைத்திருக்கிறாள். சோப்புக்கும் போகவில்லை, சோடா உப்புக்கும் போகவில்லை. வெற்றிலை எச்சில் என்றார் அப்பா. அவளுக்கோ அந்தக் கறையைத் தெரியும். காலரா வருஷம் கிணற்றில் மருந்து கரைக்க வந்தவன் அவள் தாவணியில் ரோஸாகச் சிந்தி, காய்ந்து பழுப்பான கறை, தாவணி கிழியும்வரை போகவில்லை. கிணற்று மருந்து உங்கள் சட்டைக்கு எப்படி வந்தது, கல்யாணத்தன்று உங்கள் நெஞ்சுக்கு நேராக வாயைத் திறந்தது யார் என்று அப்பாவையே கேட்டிருக்கிறாள். அவர் யோசித்திருக்கிறார். யோசித்து முடித்ததும் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறார்.

என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, டிக்கெட் சன்னல் வழியாக, இதுதான்:

"துப்பறதுக்கு இன்னா?"

"உங்கப்பா எதிர்ல எப்படித் துப்பறது?" என்றேன்.

அவள் முகத்தைத் தண்டவாளம் பக்கம் திருப்பவில்லை. நேராக என்னையே பார்த்துச் சிரித்தாள். மாமனார் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"துப்பிட்டே பேசியிருக்கலாம் மாப்ளே. நான் இன்னா, தப்பாவா நெனச்சிக்கப்போறேன்?"

(கட்டாயம் நினைத்திருப்பார்.) அம்பத்தூருக்குத் திரும்ப ஒரே ஒரு டிக்கெட் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போய் நன்மை வாங்கினோம். ஆனாலும் பேச்சு ஓயவில்லை. எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும், "துப்பிட்டியா?" என்று கேட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தச் சட்டையை மாமனார் தூக்கிப் போடவில்லை. மற்ற பெண்களுக்குக் கல்யாணம் ஆனபோதெல்லாம் அதையே போட்டுக்கொண்டு போய், புது மாப்பிள்ளைகளிடம் கறையைக் காட்டி, "எம் முன்னாடி தாராளமா துப்பலாம்" என்று அனுமதி கொடுத்தார்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, அம்பத்தூர்க் கோவில் திருநாளில் சாமியார் பிரசங்கத்தின் முடிவில் ஓர் அறிவிப்பு வாசித்தார். நன்மை வாங்குமுன் தண்ணீர் குடிப்பது இனிமேல் உபவாசத்தை முறிக்காது என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவாம். கோவிலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் அமலோற்பவம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், அதே ஐந்து கறைச் சட்டையோடு, என் காதுப் பக்கம் குனிந்தார்.

"மாப்ளே, இனிமே முழுங்கிக்கலாமாம்."