பாதுகாக்கப்பட்ட ஊளை

ஒரு காட்டில், அந்திக் கருக்கலில் ஓர் ஊளை கேட்கும். முதலில் தாழ்ந்து, தரையை மோந்து பார்ப்பதுபோல் வரும். பிறகு பனையுயரம் ஏறி அங்கேயே நிற்கும். குட்டியாயிருந்தபோது தாழம்புதருக்குள் வழி தவறி அழுத பூங்காவனம் என்ற நரி, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தாள். அது அவள் அப்பா வீரபாகுவின் குரல்.

பூங்காவனம் வளர்ந்து, ஆலமரத்தடிக் கல்லூரியில் சுற்றுலாவும் பண்பாட்டு மரபும் என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். பட்டம் வாங்கினால் மரபு அலுவலர் வேலை நிச்சயம். ஆய்வேட்டுக்குத் தன் குலத்தின் ஊளையையே எடுத்துக்கொண்டாள்.

வழிகாட்டி, பேராசிரியர் ஓணான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அதற்கு ஆமாம் என்று பொருளா, இல்லை என்று பொருளா என்பது எந்த மாணவருக்கும் விளங்கியதில்லை.

“தலைப்பு பிரமாதம். உங்க ஊளை அழிஞ்சுக்கிட்டிருக்குல்ல?”

“இல்லைங்கய்யா. தினமும் போடுறாங்க. காது கிழியுது.”

ஓணானின் தலை சட்டென்று நின்றது. அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

“அழியாததை எப்படிம்மா பாதுகாக்கிறது? தினமும் கேட்டா அது மரபில்லை, இரைச்சல். மார்கழியில வெளித்தேர்வாளர் வந்துடுவார். அதுக்குள்ள ஏதாவது பண்ணு.”

பூங்காவனம் அன்றைக்கே அப்பாவின் ஊளையைப் பதிவு செய்துகொண்டாள். பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“அப்பா, தேர்வு முடியிற வரைக்கும் யாரும் ஊளை போடக் கூடாது.”

“ஏந்தாயி, அடக்கினா அது எங்க போகும்?”

“என் படிப்புக்காகப்பா.”

“முதுகலைக்கே வாயை அடைக்கிறா. முனைவர் பட்டத்துக்கு மூக்கை அடைப்பா, பாத்துக்கிடுங்க,” என்றார் சித்தப்பா. ஆனாலும் அந்தக் குலத்தில் கல்லூரிப் படியேறிய முதல் நரி அவள். அன்று அந்தியிலிருந்து எல்லோரும் ஆளுக்கொரு எலும்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வெளித்தேர்வாளர் ஒரு நாரை. குளிருக்கு வலசை வரும் வழியில் தேர்வையும் முடித்துவிட்டுப் போகிறவர். ஒற்றைக் காலில் நின்று காது கொடுத்தார். காட்டில் இலை விழும் சத்தம் கேட்டது.

“ஆகா, எவ்வளவு துயரமான மௌனம்!” என்று கண்ணைத் துடைத்தார். முதல் வகுப்பு போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனார்.

ஊளை, அருகிவரும் மரபாக அறிவிக்கப்பட்டது. பூங்காவனம் மரபு அலுவலரானாள். தினமும் அந்தியில் மூங்கில் கம்பத்து ஒலிபெருக்கியில் அப்பாவின் பதிவு முழங்கியது. பட்டணத்துப் பூனைகள் டிக்கெட் வாங்கி வந்து கைதட்டின. கண்டவர்கள் ஊளையிட்டால் மரபு கெட்டுவிடும் என்று மற்ற ஊளைகளுக்குத் தடை வந்தது.

ஒரு நாள் வீரபாகு மகளின் மேசை முன் வந்து நின்றார்.

“தேர்வுதான் முடிஞ்சிருச்சே தாயி. இனி போடலாமா?”

“சோதிச்சுத்தான் அனுமதி தரணும்ப்பா. ஒருதரம் போடுங்க.”

போட்டார். இத்தனை காலம் எலும்பு கவ்விய வாய். பாதிப் பனை ஏறியதும் குரல் இடறி விழுந்தது. அந்தப் பாதிக்கே பூங்காவனத்தின் காதுகள் தாமாக நிமிர்ந்தன. அவள் அவற்றை மடக்கிக்கொண்டாள். பக்கத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருந்த ஓணான் தலையாட்டினார்.

“பதிவோட ஒத்துவரலைப்பா,” என்றாள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

“அதுவும் நான்தானே தாயி?”

“அது மூலம்ப்பா. நீங்க இப்போ நகல்.”

வழி தவறும் குட்டிகள் இப்போதெல்லாம் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் போய் நிற்கின்றன. வீரபாகுவுக்கும் அங்கேதான் வேலை. ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் உட்கார்ந்து, பதிவு ஓடும்போது வாயைத் திறந்து மூடுகிறார்.

நீதி: எதையும் பாதுகாக்க நினைப்பவர், முதலில் அது சாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரமென்றால், கொஞ்சம் ஒத்தாசை செய்யலாம்.