ஒத்திவைக்கப்பட்ட வெற்றி

ஏழு ஆறுகள் கடலில் கலக்கும் மணிநீர் நாட்டில், குடிமக்கள் மன்னருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது சட்டம். மழை பெய்தால் நன்றி. பெய்யாவிட்டால், வெள்ளத்திலிருந்து காத்ததற்கு நன்றி. மன்னரைத் தேர்ந்தெடுக்க ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலும் உண்டு; வென்றது எப்போதும் அதே மன்னர்தான்.

அந்த நாட்டில் ஓராண்டு மகளிர் கால்பந்துக் கோப்பைக்கு எட்டு அணிகள் வந்தன. தோற்ற அணி அன்றே ஊர் திரும்ப வேண்டும். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களும் ஓர் அணியாக வந்திருந்தார்கள். அவர்களின் தலைவி சிலம்பாயி. முதல் ஆட்டத்தில் வெறுங்காலோடு ஆடியே மீனவப் பெண்களின் அணியை வென்றார்கள். தோற்ற பெண்கள் அழுது முடித்துவிட்டுத் தங்கள் பூட்ஸ்களைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

"நீங்க இன்னும் ஆடணும்ல, போட்டுக்கிடுங்க."

அந்தப் பூட்ஸ்களோடு அரையிறுதியில் அரண்மனை அணியை உப்பளத்துப் பெண்கள் இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். விளையாட்டு அமைச்சர் திருவருட்செம்மல் உடனே மேடையேறினார்.

"அரண்மனை அணி தோற்கவில்லை. அதன் வெற்றி ஒத்திவைக்கப்பட்டுள்ளது. ஆகவே இறுதியாட்டத்தில் இதே இரு அணிகளும் மோதும்."

மற்றோர் அரையிறுதியில் வென்றிருந்த நெசவாளர் அணிக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. ஆட்டம் பார்க்கத் தங்கினார்கள்.

இறுதியாட்டத்தன்று இன்னோர் ஆணை வந்தது. உப்பளத்து அணி உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் நின்று மன்னருக்கு நன்றியுரை வாசிக்க வேண்டும். அரண்மனை அணி ஏற்கெனவே நன்றியுள்ளது என்பதால் நிழலில் அமரலாம். முக்கால் மணி நேரத்தில் கோல்கீப்பர் தவமணி மயங்கி விழுந்தாள். நெசவாளர் பெண்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். தங்கள் துப்பட்டாக்களை விரித்து நிழல் பிடித்து, தண்ணீர் கொடுத்தார்கள்.

"எந்திரிங்கக்கா. எங்களுக்கும் சேத்து ஆடுங்க."

தவமணி எழுந்தாள். ஆட்டம் தொடங்கியது. சிலம்பாயி மூன்று கோல் போட்டாள். அரண்மனை அணியால் ஒன்றும் போட முடியவில்லை. ஆனால் பலகையில் அரண்மனைக்கு மூன்று, உப்பளத்துக்குப் பூஜ்ஜியம் என்று எழுதினார்கள்.

அமைச்சர் விளக்கினார்: "குடிமக்கள் போடும் கோல்கள் மன்னருக்குக் காணிக்கை. மன்னரின் கோல்கள் மன்னரின் அணிக்கே சேரும்."

அரண்மனை அணியின் தலைவி வடிவழகி, குதிரை லாயக்காரரின் மகள். அமைச்சர் நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் சற்று நேரம் பலகையையே பார்த்தாள்.

"ஐயா, இது எங்களுது இல்லீங்க. ரெண்டு தடவ தோத்துட்டோம். நாங்க வீட்டுக்குப் போறோம்."

"தோல்வியை ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தை உனக்கு யார் வழங்கியது?"

"ஆடினது நாங்கதானுங்களே."

அவள் நேராக நடந்துபோய்ச் சிலம்பாயியின் கையில் கோப்பையைக் கொடுத்தாள். பின்னால் அவளுடைய அணி முழுவதும் வந்தது. சிலம்பாயி வடிவழகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி, தங்கச்சி" என்று மட்டும் சொன்னாள். யாரும் எழுதிக் கொடுக்காத நன்றி அது. மைதானமே எழுந்து நின்றது. இறுதியாட்டம் பார்க்கத் திரும்பி வந்திருந்த மீனவப் பெண்களும் நெசவாளர் பெண்களும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். கோப்பை கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது.

வடிவழகியைத் தண்டிக்க மன்னர் உத்தரவிட்டார். சட்ட அறிஞர்கள் மூன்று நாள் ஏடுகளைப் புரட்டினார்கள். நான்காம் நாள் தலைமை அறிஞர் அரசவையில் தலைகுனிந்து நின்றார்.

"மன்னர் பெருமானே, தோற்றதை ஒப்புக்கொண்டு விலகிப்போவதற்கு நம் சட்டத்தில் தண்டனையே இல்லை. இதுவரை நம் நாட்டில் யாரும் அந்தக் குற்றத்தைச் செய்ததில்லை."

"அப்படியானால் இப்போது எழுதுங்கள்" என்றார் மன்னர். "தேர்தலுக்கு முன்னால் எழுதி முடியுங்கள்."