யேமன் மாமாவின் ராஜினாமா

பம்பாயில் உள்ள பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் முதல் இடம் எங்கள் யேமன் மாமாவுக்குத்தான். இரண்டாவது இடத்துக்கு நான் போட்டி போடுவேன், அது வேறு விஷயம்.

மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் தனியாக இருந்தார். படி இடிந்து விழுந்துவிடும் என்று சுவரை ஒட்டியே ஏறுவார். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருவார். தபால்காரர் மணியடித்தால்கூட, கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தபடி, "அவர் ஊர்ல இல்லை" என்பார்.

வாலிபத்தில் யேமன் நாட்டு ஏடன் துறைமுகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். அதனால்தான் அந்தப் பெயர். திரும்பி வந்த பிறகும் அந்த ஊர்ச் செய்திகளை விடாமல் படிப்பார். அங்கே ஒரு தலைவர் மேல் அவருக்கு அலாதி அபிமானம். ராணுவத்திலிருந்து வந்து வருஷக்கணக்காகத் துணை ஜனாதிபதியாக இருந்தும், யார் கண்ணிலும் அதிகம் படாத மனிதர். ஜனாதிபதியை ஜனங்கள் பதவியிலிருந்து இறக்கியபோது, இவரால் யாருக்கும் தொந்தரவில்லை என்று இடைக்காலத் தலைவர் ஆக்கினார்கள்.

"எலெக்ஷன் நடந்துது ரவி. சீட்டுல ஒரே பேர்தான். அவர் பேர் மட்டும்" என்று மாமா சொல்வார்.

"அப்புறம் எதுக்கு மாமா எலெக்ஷன்?"

"முறைன்னு ஒண்ணு வேண்டாமா?"

எங்கள் கட்டடத்து ஹவுசிங் சொசைட்டிக்கும் அந்த நாள் வந்தது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்தார். சம்மதக் கடிதத்தில் சேர்மன் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் பதினாறு குடும்பங்களுக்கும் திரும்ப வீடு உண்டு என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் ஒரு வரி இல்லை. அதைப் பற்றிக் கேட்ட சேர்மனிடம் பில்டரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து மரியாதையாகப் பேசினார்கள். அவர் மறுவாரமே புனேயில் இருக்கும் பையனிடம் போய்விட்டார்.

அந்த நாற்காலியில் உட்கார ஒருத்தரும் தயாரில்லை. மீட்டிங்கில் மாமா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடப் பயந்ததை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். ஒரே பேர் எழுதிய சீட்டு போட்டு அவரை இடைக்கால சேர்மன் ஆக்கினோம். செக்ரெட்டரி நான். எனக்கும் அப்படித்தான் வாய்த்தது.

மறுநாள் காலையிலிருந்து கீழே வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு ஆட்கள். யாரையும் தொடமாட்டார்கள். மாமா படியிறங்கினால் மட்டும் ஒருவன் எழுந்து நின்று, எங்கே கிளம்பினீர்கள் என்று ஹிந்தியில் கேட்பான்.

"கஹான் ஜா ரஹே ஹோ, அங்கிள்?"

மாமா அப்படியே திரும்பி மேலே போய்விடுவார். பால், காய்கறி எல்லாம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் என் பையை உற்றுப் பார்ப்பார்கள். நான் பால் பாக்கெட்டை வெளியே எடுத்துக் காட்டிவிட்டுப் படியேறுவேன்.

ஏழாம் நாள் அவர்களே மாடியேறினார்கள். கையெழுத்துப் போடு, இல்லையென்றால் விலகு என்றார்கள். மாமா விலகினார். ராஜினாமாவைத் தட்டச்சுப் பிழை இல்லாமல் தானே டைப் செய்து என் கையில் கொடுத்தார். செக்ரெட்டரி என்ற முறையில் நான் வாங்கிக்கொண்டேன். ஃபைலில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பில்டருக்கு வேண்டப்பட்ட மூணாவது மாடிக்காரரைச் சேர்மன் ஆக்குவது, அன்றே கையெழுத்து என்று ஏற்பாடு. அதுவரை மாமா வெளியே தலைகாட்டக் கூடாது என்று மறுபடி கீழே உட்கார்ந்துகொண்டார்கள்.

சாயங்காலம் காபி கொடுக்கப் போனபோது மாமா காதோடு சொன்னார். "அந்த யேமன் தலைவரையும் இப்படித்தான்டா வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சா. ராஜினாமா எழுதிக் குடுத்தார். அப்புறம் ஒரு நாள் தப்பிச்சு ஏடனுக்குப் போயிட்டார். போனதும் முதல் காரியமா, அந்த ராஜினாமா செல்லாதுன்னுட்டார்."

"உங்களுக்கு ஏது மாமா ஏடன்?"

"முலுண்ட்ல தங்கை இருக்காளே."

வெள்ளிக்கிழமை ஆவணி அவிட்டம். பூணூல் மாற்றக் கட்டடத்து ஆண்கள் பத்துப் பதினோரு பேர் கோயிலுக்குக் கிளம்பினோம். எல்லோரும் பஞ்சகச்சம், மேலே சட்டையில்லை, உடம்பெல்லாம் விபூதி, கையில் பஞ்சபாத்திரம். மாமா நடுவில். அவரை முழுக்கைச் சட்டையிலும் பேனா குத்திய பையிலும் மட்டுமே பார்த்திருந்த அந்த நாலு பேருக்கு, சட்டையில்லாத பதினோரு தொப்பைகளில் எது சேர்மன் என்று பிடிபடவில்லை. ஒருவன் எழுந்து எங்களை எண்ணிப் பார்த்தான். என் பஞ்சபாத்திரத்தில் இருந்த உத்தரிணிக் கரண்டி சத்தம் போடாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டு காயத்ரி சொல்லிக்கொண்டிருந்தார், பூணூல் மாற்றுவதற்கு முன்பே.

ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டான். மாமா கோயிலுக்கு வரவில்லை. அதே கோலத்தில் ஸ்லோ டிரெயின் பிடித்து முலுண்ட் போய்ச் சேர்ந்தார்.

அதோடு விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவர் வரமாட்டார் என்று எனக்கு நிச்சயம். உண்மையைச் சொன்னால், வராமல் இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அடுத்த அடி யாருக்கு விழும் என்று யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் மாமா உள்ளே வந்தார். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அந்த நாலு பேரும் கதவோரம் நின்றிருந்தார்கள். மாமா என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு கதவோரத்தையே பார்த்தேன். அவரே திரும்ப வாங்கிப் படித்தார்.

"நான் குடுத்த ராஜினாமா செல்லாது. அது பயத்துல குடுத்தது."

மூணாவது மாடிக்காரர் சிரித்தார். "இப்போ பயம் போயிடுத்தா மாமா?"

"இல்லை. இப்போ அன்னிக்கை விட ஜாஸ்தி பயம். ஆனா இது நானா எழுதினது." காகிதத்தை மடித்தார். "திரும்ப வீடு உண்டுன்னு எழுதித் தரட்டும். உடனே கையெழுத்துப் போடறேன். அது வரைக்கும் மாட்டேன்."

மாமாவே சேர்மன் என்று எப்படியோ கையைத் தூக்கிவிட்டேன். அப்புறம் முதல் மாடி மாமி தூக்கினாள். பிறகு வரிசையாகப் பன்னிரண்டு கைகள். கதவோரம் நின்றவர்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த வரி எழுத்தில் வந்தது. மாமா அதை நாலு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். எல்லோரும் கலைந்த பிறகு மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரவி, மேல வரைக்கும் கூட வரயா? தனியா ஏற பயமா இருக்குடா."

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. நாலு மாடியும் ஏறி, அவர் கதவைத் திறந்த பிறகும், அந்தக் கையை விட எனக்குத்தான் மனசு வரவில்லை.