சுவரில் ஒரு நடிகை

மணி ஏழு இருபத்தொன்பது ஆனபோது அந்தோணியம்மாளின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பட்டினப்பாக்கத்தில் அந்தத் தெருவே டிவி முன்னால் குந்தியிருந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஏஞ்சல் தட்டு நிறைய முறுக்கை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தாள். அவள் நடிக்கும் சீரியல் இன்றைக்குத்தான் ஆரம்பம்.

அந்தத் தெருவிலிருந்து ஒரு தொலைக்காட்சி நடிகை கிளம்பியது இப்படித்தான். கிளம்பிய விதத்தில் கொஞ்சம் குளறுபடி உண்டு.

தி. நகர் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையை ஏஞ்சல் விட்டு இரண்டு மாதமாகிறது. அம்மா அந்தோணியம்மாள் ஆழ்வார்பேட்டைத் தெருமுனையில் மீன் விற்கிறவள், பேரத்தில் புலி. மகளிடமும் ஒரு பேரம் பேசி முடித்திருந்தாள். பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்குள் ஏஞ்சல் டிவியில் ஒரு வார்த்தையாவது பேசிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையே ஜவுளிக்கடை.

சீரியல் ஆரம்பித்தது. புது மருமகள் வலது காலை வைத்து வீட்டுக்குள் வந்தாள். கேமரா மெல்ல மேலே ஏறிச் சுவரைக் காட்டியது. சுவரில் ஏஞ்சல் சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோவைச் சுற்றித் தடியாக ஒரு ரோஜா மாலை. தலைக்கு மேலே சிவப்பாக ஒரு ஜீரோ வாட் பல்பு.

முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றுபோனது.

"நீ எப்ப பேசுவ?" என்று கேட்டாள் ஏஞ்சலின் சித்தி எஸ்தர்.

"நான் செத்துப்பூட்டேன் போல கீது சித்தி. ஹீரோவோட மொத பொண்டாட்டி நான்தான்."

எஸ்தர் கெட்டவள் இல்லை. தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் அழுகிறவள். மாலை போட்ட போட்டோவைப் பார்த்ததும் அவள் கை தானாக மார்பில் போய் அடித்தது. "என் ராசாத்தி, இப்டி எங்கள வுட்டுட்டுப் பூட்டியே" என்று ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"சித்தி, நான் இங்கதான் கீறேன்," என்று முறுக்குத் தட்டோடு நின்றாள் ஏஞ்சல். விளம்பரம் வரும் வரை யாரும் நிறுத்தவில்லை.

தவறு முழுக்க ஏஞ்சலுடையது அல்ல. "ஹீரோவுடைய முதல் மனைவி நீங்கதான், கதையே உங்களைச் சுத்தித்தான்" என்று டைரக்டர் கனகராஜ் சொன்னார். அதில் பொய் எதுவுமில்லை. பிறகு ஒரு சேலையைக் கட்டவைத்து, "லேசா சிரிங்க, ரொம்ப சிரிக்காதீங்க" என்று பத்து நிமிடம் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டைக்காக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் ஆழ்வார்பேட்டையில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. மகளின் சீரியலைப் பார்க்கச் சொல்லி அந்தோணியம்மாள் வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள். எல்லாரும் பார்த்துத் தொலைத்திருந்தார்கள். ஸ்வர்ணலதா என்று ஒரு அம்மாள் உண்டு. பதினைந்து வருஷமாக மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீனையும் மீன்காரியையும் நாலு வார்த்தை சொல்லாமல் வாங்கியதில்லை. அன்றைக்கு அவள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அந்தோணியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பொண்ணு நல்லாதான் இருக்கான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் மாலை போட்ட மூஞ்சியப் பாத்ததும் மனசு கேக்கல. தைரியமா இரும்மா."

அடுத்து வந்த நாலு பேரும் அப்படியே. காலி கூடையோடும் உர்ரென்ற முகத்தோடும் அந்தோணியம்மாள் வீடு திரும்பினாள்.

"ஒருத்திகூட பேரம் பேசலடி. பரிதாபப்பட்டு வாங்கினு போறாங்க. எனக்கு அவமானமா கீது. அந்த மாலையக் கயட்டச் சொல்லு."

ஏஞ்சல் உதவி இயக்குநர் நந்தகுமாரைப் பிடித்தாள். நந்தகுமாருக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. அதனாலேயே எட்டு வருஷமாக உதவி இயக்குநராகவே இருந்தான்.

"கழட்டிடலாம்மா. டைரக்டர் கவனிக்க மாட்டார்," என்றான்.

டைரக்டர் கவனிக்கவில்லை. ஊர் கவனித்தது. மாலை இல்லாத போட்டோவுக்கு முன்னால் கதாநாயகி நின்று அரை மணி நேரம் அழுதாள். செத்தவள் என்றால் மாலை எங்கே என்று மயிலாப்பூரிலிருந்து மேற்கு மாம்பலம் வரை யோசித்துப் பார்த்துவிட்டு, புருஷனை விட்டு எவனோடோ ஓடிப்போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள்.

ஸ்வர்ணலதா சங்கரா மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பென்று போட்டாள்.

"பாதி விலைக்குக் குடுக்கறதுன்னா குடு. தங்கமான புருஷன், அவனை விட்டுட்டு ஓடிப்போயிருக்கா உன் பொண்ணு. வளத்த லட்சணம் தெரியுது."

"அது கதைம்மா."

"கதையிலயும் ஒரு ஒழுக்கம் வேணும்."

அந்தோணியம்மாள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கூடையை விசிறி அடித்தாள். "செத்தப்பவாச்சும் மருவாதி இருந்துச்சு. மாலையத் திரும்பப் போடச் சொல்லு."

நந்தகுமார் திரும்பப் போட்டான். நடந்ததற்கு வருத்தப்பட்டு, ரோஜாவோடு ஒரு சம்பங்கி மாலையும் சேர்த்துப் போட்டான்.

இப்போது ஊருக்குத் தலை சுற்றியது. முதல் வாரம் செத்திருந்தாள், இரண்டாவது வாரம் ஓடிப்போயிருந்தாள், மூன்றாவது வாரம் இரண்டு மாலையோடு சாகிறாள். அப்படியென்றால் ஓடிப்போனவளைத் தேடிப் பிடித்து யாரோ கொன்றிருக்கிறார்கள். மாமியாரைத் தவிர வேறு யார் செய்வார்கள்? யூடியூபில் ஆளாளுக்கு உட்கார்ந்து மாலையை எண்ணிக் காட்டி விளக்கம் சொன்னார்கள். சேனல்காரர்கள் டைரக்டரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

"மாலை ஒரு குறியீடு சார். ஆரம்பத்துலயே யோசிச்சு வச்சது," என்றார் கனகராஜ், கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

ஏஞ்சலுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் பேசுகிறார்களே, எப்படியும் ஒரு பழைய நினைவுக் காட்சி வைப்பார்கள், அதில் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று கண்ணாடி முன்னால் நின்று பலவிதமாக "என்னங்க" சொல்லிப் பார்த்தாள். கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அப்போதுதான் நந்தகுமார் போன் செய்தான்.

"நாளைக்கு உங்க போட்டோவை மாமியார் தூக்கி அடுப்புல போடறாங்க. அதோட உங்க கேரக்டர் முடியுதும்மா."

"நான் இன்னும் ஒரு வார்த்தை கூடப் பேசலயே சார்."

"போட்டோ எப்படிம்மா பேசும்?"

ஏஞ்சல் போனை வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். சினிமா அழுகை இல்லை, மூக்கு ஒழுகும் நிஜ அழுகை. பேரத்தில் ஜெயித்துவிட்ட அந்தோணியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. 

மறுநாள் வியாபாரம் முடிந்ததும் அவள் வீட்டுக்கு வரவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக அடையாறில் ஷூட்டிங் நடக்கும் பங்களாவுக்குப் போய்விட்டாள். விஷயம் தெரிந்து ஏஞ்சல் ஆட்டோ பிடித்து ஓடி வருவதற்குள் காட்சி ஆரம்பமாகியிருந்தது. மாமியாராக நடிக்கும் சுந்தரவல்லி, இருபது வருஷமாகச் சீரியல்களில் மருமகள்களை நடுங்கவைத்தவள், போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி அடுப்புப் பக்கம் நீட்டினாள்.

"இன்னாம்மே, யாரு பொண்ணத் தூக்கி யாரு அடுப்புல போடுறது?"

மீன் கூடையோடு அந்தோணியம்மாள் கேமரா முன்னால் வந்து நின்றாள். சுந்தரவல்லிக்கு வசனம் மறந்துபோனது.

"உசுரோட கீற பொண்ணுக்கு மாலை போட்டீங்க, பொறுத்துக்கினேன். கயட்டுனீங்க, ஓடிப்போனவன்னு ஊரே காறித் துப்புச்சு, அதையும் பொறுத்துக்கினேன். மறுக்கா ரெண்டாப் போட்டீங்க. இப்ப கொளுத்தப் போறியா? வெயில்லயும் மழையிலயும் ரோட்ல குந்திக்கினு வளத்த பொண்ணு இது. எங்க, தொட்டுப் பாரு."

"இல்லீங்க, டைரக்டர்தான் சொன்னாரு," என்று சுந்தரவல்லி பின்னால் நகர்ந்தாள். இருபது வருஷத்தில் அவள் முகத்தில் யாரும் பார்க்காத பயம் அது.

டைரக்டர் 'கட்' சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கனகராஜ் அப்போதுதான் ஒரு முழு மிளகாய் பஜ்ஜியை வாயில் போட்டிருந்தார். மிளகாய் மிளகாயாகவே இருந்தது. கண்ணில் நீர் வழிய அவர் கையைத் தூக்கி ஆட்டினார். தொடரச் சொல்கிறார் என்று நினைத்து, கேமராமேன் மெஹபூப் பாஷா நெருங்கிப் போய் அந்தோணியம்மாளின் முகத்தைப் பிடித்தார்.

அந்தோணியம்மாள் போட்டோவைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டினாள். இரண்டு மாலையையும் உருவிக் கூடையில் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தபா எவனாச்சும் இதுக்கு மாலை போட்டீங்க, மீன் வெட்டுற கத்தியோட வருவேன்," என்று மூன்று பக்கமும் திரும்பிச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

ஏஞ்சல் அவள் கையைப் பிடித்து வீடு வரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுபூட்சுமா. இனிமே சீரியல்ல என் செருப்பக் கூட நடிக்க வெக்க மாட்டாங்க."

"போனா போவுது," என்றாள் அந்தோணியம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜவுளிக்கடைக்கு நானே வந்து பேசறேன்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நந்தகுமார் போன் செய்தான். மன்னிப்புக் கேட்பதற்காகவே ஏஞ்சல் எடுத்தாள்.

"மன்னிப்பா? நேத்து எடுத்ததை அப்படியே சேனல்ல பாத்துட்டு எழுந்து நின்னு கை தட்டினாங்கம்மா. செத்துப்போனவளுக்கு நியாயம் கேட்டு ஒரு கேரக்டர் கதைக்குள்ள வருது. பக்கம் பக்கமா வசனம். இன்னும் ஆறு மாசத்துக்கு டேட் வேணும். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி வரும்."

ஏஞ்சலுக்குப் புரிந்துவிட்டது. அச்சு அசலாக அக்கா மாதிரியே இருக்கும் ஒருத்தி வந்து நியாயம் கேட்கப்போகிறாள்.

"ரெட்டைப் பிறவித் தங்கச்சி கேரக்டரா சார்?" என்றாள் மூச்சு முட்ட.

போனில் நந்தகுமார் இரண்டு முறை இருமினான்.

"வண்டி... வந்துடும்மா," என்று சொல்லி நந்தகுமார் வைத்துவிட்டான்.

காலை ஆறரைக்கே தெரு முழுக்க வெளியில் நின்றது. எஸ்தர் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டாள், இந்த முறை அழுவதில்லை என்று மாதாவிடம் சத்தியம் செய்திருந்தாள். ஏஞ்சல் மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் தகதகவென்று வந்தாள்.

"கொடியேத்தத்துக்கு இன்னும் ரெண்டு நாளு கீது. நான் ஜெயிச்சுட்டேன்மா."

"டிவில காதால கேட்டப்புறம் சொல்லு," என்றாள் அந்தோணியம்மாள். சொன்னாளே தவிர, மகளின் நெற்றியில் சிலுவை போட்டபோது கண் கலங்கியது. பிறகு வியாபாரத்துக்குக் கிளம்பக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

வெள்ளை நிற வண்டி வந்து நின்றது. கம்பெனி டிரைவர் டில்லிபாபு கண்ணாடியை இறக்கினான். ஏஞ்சல் தெருவைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள், ரொம்பச் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நீ எறங்கும்மா," என்றான் டில்லிபாபு. "உன் போட்டோ அங்கயே சுவத்துல மாட்டிக்கினு கீது, அதுவே போதுமாம். டைலாக் பேசறதுக்கு உங்கம்மாவத்தான் கூட்டியாரச் சொன்னாரு டைரக்டரு. அந்த மீன் கூடையோடவே ஏறச் சொல்லு."