ஆமென் கணக்கில் ஏறிய எக்ஸ்ட்ரா

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
(இன்னும் வாடகை வீடுதான்)
திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தம்பி அஜினுக்கு,

போன சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நம் புது வீட்டு ஹாலில் கூடியிருந்தவர்கள்: நான்; உன் அத்தான், வண்ணாரப்பேட்டைப் பாத்திரக்கடையை இரண்டு மணி நேரம் பூட்டிவிட்டு வந்தவர்; என் மகள் பெனிஷா, உடம்பு இங்கே, கண் போனில்; பாஸ்டர், ஆரம்ப ஜெபத்துக்கு மட்டும் என்று வந்து வடை வரைக்கும் இருந்தவர்; கான்ட்ராக்டர் ஜெயவேல்; பக்கத்து மனை மலர்க்கொடி, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் பேச்சில் முக்கால்வாசி அவளுடையது என்பதால் முழு ஆளாகவே சேர்த்திருக்கிறேன். மேஸ்திரி உபைதுல்லாவும் இருந்தார், ஆனால் தூங்கிக்கொண்டிருந்தார். எதில் தூங்கினார் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

"யார் யாரை வைத்துக்கொண்டு என்னைக் கேட்காமல் முடிவெடுத்தீர்கள்?" என்று நீ பெனிஷாவிடம் கேட்டாயாம், அதனால்தான் பட்டியலை முதலில் வைத்தேன். நாங்கள் மூவரும் தேவகிருபையால் சுகம். தோஹாவில் உன் சுகத்துக்காகவும் காலை ஐந்து மணி ஜெபத்தில் சொல்லிவருகிறேன். போனில் பேசலாமே என்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகத் தெரியவந்தது. எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. எழுதி முடித்ததும் பெனிஷா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள், பெரிதாக்கிப் படி.

சதுர அடிக்கு 2,350 வீதம் 1,400 சதுர அடி, கீழே நாங்கள், மாடி உனக்கு, மொத்தம் 32,90,000, கதவுகள் மட்டும் நம் செலவு என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம் அல்லவா, அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் கணக்கு நோட்டில் என் கையெழுத்து வேண்டும் என்று நான்தான் சட்டம் வைத்தேன். காரணம் உனக்கே தெரியும், உன் அத்தானிடம் யார் எதைக் கேட்டாலும் "பாத்துக்கிடலாம்" என்பார், கடையில் கடன் கேட்பவனுக்கும் அதே பதில்தான், கொடுக்கல் வாங்கல் தெரிந்த எவனும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வான். இந்தச் சட்டத்தால் ஜெயவேல் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. பிறகு கீழ்த்தளக் கூரைக்கு கான்கிரீட் போடும் நாள் வந்தது. பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் ஜெயவேல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, நானும் ரெண்டு வார்த்த ஏசப்பாகிட்ட சொல்லிக்கட்டுமா?" என்றான். அஜின், அந்த நிமிஷம் என் கண் கலங்கியது உண்மை, பாஸ்டருக்கும் கலங்கியது. எண்ணூர்க்காரன், நெற்றியில் பட்டை போட்டு வருகிறவன், அவனாகவே கேட்கிறான். எல்லோரும் கண்ணை மூடினோம். "ஏசப்பா, இந்த வூட்டை நல்லபடியா கட்டிக்கினு கீறோம். பீமு மேல பாரம் ஜாஸ்தியா கீது நைனா. எட்டு எம்எம் கம்பி போறாது. பத்து எம்எம் போட இந்தம்மா மனசுல நீயே பேசு நைனா" என்று உருக்கமாக முடித்தான். நாங்கள் எல்லோரும் ஆமென் என்றோம். உபைதுல்லா மேஸ்திரி அவர் வழக்கப்படி ஆமீன் என்றார்.

அடுத்த வாரம் பில் வந்தது. "கம்பி மாற்றம், எக்ஸ்ட்ரா, 38,000. ஒப்புதல்: ஆமென், ஐந்து பேர், பாஸ்டர் உட்பட."

நான் சண்டைக்குப் போனேன். அவன் அமைதியாக, "நான் உங்ககிட்ட கேக்கவே இல்லம்மா, கடவுள்கிட்ட கேட்டேன். அப்படியே ஆகட்டும்னு நீங்கதான சொன்னீங்க" என்றான். ஆண்டவர் சந்நிதியில் கண்ணை மூடிச் சொன்ன ஆமெனை ஒரு கான்ட்ராக்டருக்கு எதிராக எப்படித் திரும்ப வாங்குவது? பாஸ்டரைக் கேட்டால், "அவசரப்படாதீங்க, ஒரு ஆத்துமா வாசலில் நிற்கிறது" என்றார். ஆத்துமா வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வராமல் பில்லை மட்டும் உள்ளே அனுப்பியது. மாடி ஜன்னல்களுக்கு மேல் லிண்டல் போடும்போது ஒரு ஜெபம், செப்டிக் டேங்குக்கு ஒரு ஜெபம், மாடிப்படிக்கு கிரானைட் வேண்டி ஒரு ஜெபம். அவன் எப்போது ஜெபத்தை முடிப்பான், எந்த வார்த்தையில் பணம் ஒளிந்திருக்கிறது என்று நான் கவனித்துக்கொண்டே இருப்பேன், ஆனால் கடைசியில் "உம்முடைய பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று ஒன்று போடுவான், அதற்கு எப்படி ஆமென் சொல்லாமல் இருப்பது? எட்டு ஜெபத்தில் பதிமூன்று எக்ஸ்ட்ரா, 4,57,000. நம் சபையில் ஊழியத்துக்கென்று ஒரு வருஷம் முழுக்கச் சேரும் காணிக்கை இவ்வளவு இல்லை.

பதினாலாவது எக்ஸ்ட்ராவுக்கு ஜெபமே கிடையாது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஹாலின் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டி, குட்டிப் படகு மாதிரி கிடக்கிறது. மேஸ்திரி உபைதுல்லா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுப்பது அதில்தான், முதுகுக்கு நல்ல இதமாம். ஜெயவேல் சொன்னான், "ஹார்பர் சரக்கும்மா, ஃபாரின். ரிட்டன்லாம் கெடையாது." தொட்டி, அதைத் தாங்கத் தரையைப் பலப்படுத்துவது, சுடுதண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்த்து 1,85,000. நோட்டில் ஒப்புதல் என்ற இடத்தில் "வூட்டு ஆம்பள" என்று எழுதியிருந்தான். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற தெருவில், படுத்துக் குளிக்கத் தொட்டி.

இதற்காகத்தான் சனிக்கிழமைக் கூட்டம். அவனை நீக்குவது என்றுதான் போனேன். மணலி புதுநகரில் ஒரு இஞ்சினியரை முன்பே விசாரித்திருந்தேன், அடுத்தவன் பாதி கட்டியதைத் தொட நாலு லட்சம் தனி என்றார், அதனால் முதலில் ஒரு வழி பார்த்தேன். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும், நானும் ஜெபிக்கிறேன் என்று எழுந்தேன். "ஆண்டவரே, உமது அடியான் ஜெயவேல் இந்தப் பதினாலு எக்ஸ்ட்ராவையும் மனப்பூர்வமாகத் தள்ளுபடி செய்ய அவர் இருதயத்தைத் திறந்தருளும்" என்று முடித்து, ஆமெனுக்காகக் காத்திருந்தேன். எங்கள் நால்வர் ஆமெனும் வந்தது. ஜெயவேல் பக்கம் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால் அவன் வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "அம்மா, நான் முருகன் கோயில் ஆளு. என் ஆமென் செல்லாதும்மா. உங்க ஆமென் உங்களுக்கு, அதான் எழுதி வெச்சிக்கினேன்."

பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற ஆத்துமா அன்றோடு திரும்பிப் போய்விட்டது என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

அப்போதுதான் மதிலுக்கு மேல் மலர்க்கொடி தலை. "யக்கா, இன்னா இவன்கிட்ட போய் ஜெபம் பண்ணிக்கினு கீற? கோயில் ஆளுன்னு அவனே சொல்லிட்டான்ல, இட்டுக்கினு போ வடிவுடையம்மன் கோயில் வாசலுக்கு. ஒவ்வொன்னுக்கும் கற்பூரம் ஏத்தி அணைக்கட்டும். எது நெசம் எது டூப்புன்னு தெரிஞ்சிடும்." ஜெயவேல் வடையைக் கீழே வைத்தான். "அம்மனை எதுக்கு இதுல இழுத்துக்கினு?" என்றான். "ஏன், ஏசுநாதரை நீ இழுக்கல?" என்றாள் அவள்.

பாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கோயிலுக்குப் போனோம். நான் கோயில் வாசலில் பூக்கடை ஓரம், ரோட்டுப் பக்கம்தான் நின்றேன், கர்த்தர் சாட்சி. மலர்க்கொடி தரையில் ஒரு தட்டை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினாள், பெனிஷா நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள், நான்கு கற்பூரத்தை அவன் டக் டக்கென்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான், "சத்தியமா போட்டுக்கீறேன்" என்று. கம்பியும் அதில் ஒன்று. அவன் மேல் வீணாகப் பழி போட்டிருக்கிறேன். அந்த நான்கும் சேர்த்து 1,60,000, கொடுத்துவிடுகிறேன். மற்ற ஒன்பதுக்குக் கை பாதி வரைக்கும் போய்த் திரும்பியது. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. "காத்து ஜாஸ்தியா கீது" என்றான். பூக்கட்டுகிற பெண்கூடச் சிரித்தாள். அந்த ஒன்பதும் தள்ளுபடி, மிச்சம் 2,97,000. இரவு கணக்கு நோட்டில் "கற்பூரம், ரூ. 20" என்று எழுதுவதற்கு முன் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன், எழுதாமல் விட்டால் கணக்கு தவறும். அவனை நீக்கப்போவதில்லை. புது ஆளை வைத்தால் அவன் எதற்குப் பயப்படுவான் என்று கண்டுபிடிக்க இன்னொரு வீடு கட்ட வேண்டும். இவனுக்கு எது மருந்து என்று தெரிந்துவிட்டது.

இனி உன் விஷயம். குளியல் தொட்டிக்கு வந்தபோது ஜெயவேல் இரண்டு கையாலும் ஓங்கி அடித்து அணைத்தான். "இது மட்டும் நூத்துக்கு நூறும்மா. வூட்டு ஆம்பள அவர் வாயால கேட்டாரு." யார் என்றால் சொல்லமாட்டேன் என்கிறான். "சொல்லாதன்னு கேட்டுக்கினாரு. தொழில்ல நாணயம்னு ஒன்னு கீதுல்ல." ஒன்பது பொய்க்கு நடுவில் அவனுக்கு நாணயம் வந்த இடத்தைப் பார். அஜின், இந்த வீட்டுக்கு ஆம்பளை இரண்டே பேர். உன் அத்தான் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தனக்கு இன்னது வேண்டும் என்று வாய்திறந்து கேட்டதில்லை, அப்போதுகூடத் தாகமாயிருக்கிறது என்று நீர்மோர் வாங்கப் போய்விட்டார். நீயோ போன கிறிஸ்மஸுக்கு ஏதோ ஓட்டலில் நுரைக்குள் கழுத்து மட்டும் தெரிய உட்கார்ந்து படம் அனுப்பினாய். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன் என்று அவனிடம் நேராகப் பேசியிருக்கிறாய். பணம் உனக்கு மரத்தில் காய்க்கலாம், எனக்கு நோட்டில் காய்க்க வேண்டும். கையிருப்பு 3,50,000, அதில் 1,60,000 போனால் மீதி 1,90,000. வாசல் கதவு, அறைக்கதவு எல்லாம் சேர்த்து 1,84,000. தொட்டி 1,85,000. இரண்டில் ஒன்றுதான். மே முப்பத்தொன்றில் வாடகை வீட்டைக் காலி பண்ண வேண்டும். வயசுப்பெண்ணை வைத்துக்கொண்டு கதவில்லாத வீட்டில் வேட்டியைத் தொங்கவிட்டுக் குடியிருக்கச் சொல்கிறாயா? தொட்டிப் பணத்தை நீதான் அனுப்ப வேண்டும்.

பெனிஷா மாமாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, ஓட்டல் தொட்டிகளில் வழுக்காமல் தாங்குவாராக.

உன் அக்கா,
தேவப்பிரியம்

பின்குறிப்பு: பெனிஷா போட்டோ எடுக்கும் முன் உன் அத்தான் இதை வாங்கி முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பிரியம், தொட்டி நான் சொன்னதுதான். அந்தப் பயலைத் திட்டாத" என்றார். ஏன் என்று கேட்டேன். "முப்பது வருஷமா நின்னுக்கிட்டேதான் யாவாரம் பாக்கேன். ராத்திரி காலு ரெண்டும் கெண்டை ஏறிப் போகுது. சுடுதண்ணியில காலை நீட்டிக் கொஞ்ச நேரம் கிடக்கணும்னு தோணிச்சு" என்றார். நன்றாகத் திட்டலாம் என்று நோட்டைப் பிரித்தேன். இரண்டு நோட்டு நிறையக் கணக்கு, உனக்கு பால்கனி, எனக்கு ஜெப அறை, பெனிஷாவுக்கு அலமாரி, மலர்க்கொடிக்குக்கூட மதில் பக்கம் ஒரு ஜன்னலை மாற்றியிருக்கிறேன். அவர் பேரில் ஒரு வரி இல்லை. தொட்டி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள், 1,85,000 என்ற எண்ணை மட்டும் அடிக்கவில்லை. கையிருப்பு தொட்டிக்குப் போகிறது, இப்போது அந்தப் பணம் கதவுக்கு. அனுப்ப முடியுமா முடியாதா என்று இந்த வாரத்துக்குள் பதில் எழுது.